மூடி பொருந்தாத பெட்டிகள்

நாலாம் மாடியிலிருந்து கயிறு இறங்கும்.
முனையில் கூடை, கூடைக்குள் காசு,
காசு பறக்காமலிருக்க மேலே ஒரு தேசிக்காய்.
லொறிக்காரன் அண்ணாந்து கத்துவான்:
"அக்கா, போஞ்சி முடிஞ்சுது, பூசணிதான்."
சரி, பூசணி.
கொட்டாஞ்சேனை முழுக்க அந்தக் கிழமை
பூசணி தின்றது.

முதலில் எல்லாவற்றுக்கும் சவர்க்காரம் போட்டேன்.
கத்தரிக்காய், வெங்காயம், பருப்புப் பை,
மிச்சமாய் வந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்.
தாளைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டேன்.
வல்லாரையையும் விடவில்லை.
"சம்பல் குளிச்சிட்டு வந்ததோ?" என்றான் ஆருத்ரன்.
தயாநிதி பேசாமல் விழுங்கினார்.
பயந்துபோன ஒருத்தியோடு
சாப்பாட்டு மேசையில் வாதாடக் கூடாதென்று
இருபது வருடத்தில் படித்திருந்தார்.

பிறகு மெல்ல மெல்லப் புத்தி வந்தது.
சவர்க்காரம் கைக்கு. மரக்கறிக்கு ஓடுகிற தண்ணீர்.
மீனுக்கொரு பலகை, தக்காளிக்கு வேறொன்று.
கோழியைக் குழாயடியில் பிடித்தால்
தெறிப்பது கோப்பைகள் மேல்தான்;
நேரே சட்டிக்குள் போட்டு
எலும்போடு சிவப்புப் போகும்வரை அவி.
மேசையில் மறந்த சோற்றை
மணந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே.
இதெல்லாம் முன்பே தெரிந்ததுதான்.
வேலைக்கு ஓடுகிற காலையில்
தெரிந்தது எதற்கு உதவியது?

கிளினிக் பூட்டிவிட்டார்கள்.
அவருடைய சீனி வருத்தத்துக்குக்
குளிசை தபாலில் வந்தது.
நான் தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினேன்,
அவர் பிஸ்கட் டின்னை
அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தார்.
கண்டும் இரண்டு நாள் பேசாமலிருந்தேன்.
மூன்றாம் நாள் அதற்குள் கடலை அவித்து வைத்தேன்.
அவரும் பேசவில்லை.
கடலை குறைந்திருந்தது.

எதிர்க் கதவில் அறிவித்தல் ஒட்டினார்கள்.
ரைஹானாவின் புருஷனை அம்புலன்ஸ் ஏற்றிப் போயிற்று.
அவளும் இரண்டு பிள்ளைகளும் உள்ளே,
பதினாலு நாள்.

இந்த மாடியில் வெறும் பாத்திரம்
திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை.
எங்கள் பொங்கல் போன கிண்ணத்தில்
அவர்கள் வட்டிலாப்பம் வரும்.
ஆகவே கிண்ணத்தை எடுக்கவில்லை.
பழைய ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவித் துடைத்து
சுடச்சுடச் சோறு, பருப்பு, முருங்கையிலை,
பிள்ளைகளுக்கு ஒரு அவித்த முட்டை.
கதவடியில் வைத்தேன்.
விளக்குமாற்றுக் காம்பால் மணியை அழுத்தினேன்.
சிரிக்காதீர்கள், அப்படித்தான் அழுத்தினேன்.
போனில் எழுதினேன்:
"பெட்டியைத் திருப்பித் தர வேண்டாம், வைத்திருங்கோ."
அன்பில் எழுதியதுதான்.
பயத்திலும்தான்.
அவள் இரண்டையும் வாசித்திருப்பாள்.
"சரி ராத்தா" என்று மட்டும் பதில் வந்தது.

பதினைந்தாம் நாள் காலை
என் வாசலில் அடுக்கிக் கிடந்தன பெட்டிகள்.
எண்ணினேன், பதினொன்று.
கொதிதண்ணீரில் போட்டெடுத்திருக்கிறாள்,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம்
வாய் கோணி நின்றது.
மேல் பெட்டியில், கடதாசிச் சுருளுக்குள்,
ஐந்து துண்டு மஞ்சள்.
கடைகளில் மஞ்சள் கண்ணில் படாத மாதம் அது.
சின்னவளின் கையெழுத்தில் ஒரு துண்டு:
"எல்லாம் அவிச்சது. பயப்பட வாணாம்."

மஞ்சளோடு குழாயடிக்குப் போனேன்.
திறந்தேன்.
கொஞ்ச நேரம் தண்ணீர் சும்மா ஓடியது.
மூடினேன்.
அன்றைக்குப் பருப்பு நல்ல நிறம்.

பெட்டிகள் இன்னமும் பிரிட்ஜில் இருக்கின்றன.
ஒரு மூலையை அழுத்தினால்
மறு மூலை எழும்பும்.
எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்கிறார் தயாநிதி.
நான் தட்டைக் கவிழ்த்து
மேலே தேசிக்காய் ஒன்றைப் பாரம் வைக்கிறேன்.